ஷாக் வேவ், சர்க்கரை நோய், 3.23: ஒரு ஆய்வும் அது வாசிக்கப்பட்ட விதமும்

சிறுநீரகக் கல்லை ஷாக் வேவ் வைத்து உடைத்தால் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் என்று ஒரு பேச்சு பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "மேயோ கிளினிக்கே சொல்லியிருக்கு" என்ற வாலும் கூடவே வரும். இது யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை, மூலம் இருக்கிறது. 2006ல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் யூராலஜி'யில் ஏமி க்ராம்பெக் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் அது.

என் அலுவலக நண்பர் ஒருவருக்கு 8 மில்லிமீட்டர் கல். டாக்டர் ஷாக் வேவ் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு மனுஷன் ஆறு மாசமாக எந்த சிகிச்சைக்கும் போகாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். கல் வழியை அடைத்துக்கொண்டு நின்றால், வலியே இல்லாமல்கூட சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகலாம். ஆகவே இது சும்மா விவாதத்துக்கான விஷயம் இல்லை. அந்தக் கட்டுரையையும் அதற்குப் பிறகு வந்த சிலவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். நான் மருத்துவன் இல்லை, பி.ஈ. முடித்த மென்பொருள்காரன். எண்களை எண்களாகப் படிப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிடறேன். அந்தக் கட்டுரை கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. அதற்குக் கிடைத்த பதில் பலவீனமானது. அதை வாசித்தவர்கள் இருபது வருஷம் கழித்து வரலாம் என்ற பூதத்தைப் பெரிதாக்கி, இரண்டு வாரத்துக்குள் நிஜமாகவே வரக்கூடிய சிக்கல்களைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தம் இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலில் கருவி

ஜெர்மனியின் டார்னியர் விமானக் கம்பெனி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். அங்கே கிடைத்த அதிர்வலை அறிவுதான் கல் உடைக்கும் கருவியானது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷோசி குழுவினர் முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். 1984 டிசம்பரில் அமெரிக்க எஃப்டிஏ, டார்னியர் எச்எம்3 கருவிக்கு அனுமதி கொடுத்தது.

எச்எம்3 என்பது ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. நோயாளியை மயக்க மருந்து கொடுத்துத் தொட்டிக்குள் இறக்குவார்கள். அடியில் நீள்வட்ட வடிவக் கிண்ணம், அதன் ஒரு குவியத்தில் மின்பொறி. பொறி வெடிக்கும்போது கிளம்பும் அலை, கிண்ணத்தில் பட்டுத் திரும்பி இன்னொரு குவியத்தில் போய்ச் சேரும். அங்கே கல் இருக்கும்படி உடம்பை நிறுத்தி வைத்திருப்பார்கள். கணக்குப் புத்தகத்தில் படித்த நீள்வட்டம் இதைவிட உருப்படியாக எங்கேயும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

அலையின் முன்பகுதி கல்லை அழுத்தும். பின்னாலேயே வருவது இழுவிசை. அது திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கும். குமிழிகள் உடையும்போது கல்லின் மேற்பரப்பை அரிக்கும். கல்லை உடைக்க இந்த இரண்டும் வேண்டும். ஆனால் குமிழிக்கு எது கல், எது ரத்தக்குழாய் என்று தெரியாது. சுற்றியுள்ள நுண்குழாய்களும் கிழியும். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது இதனால்தான். "அறுவை கிடையாது, தழும்பு கிடையாது" என்ற விளம்பர வரி பொய்யில்லை. காயமே கிடையாது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்வதுதான் தப்பு. காயம் உள்ளே இருக்கிறது.

2006 கட்டுரை என்ன சொன்னது?

மேயோ கிளினிக்கில் 1985ல் எச்எம்3 மூலம் சிகிச்சை பெற்றவர்கள் 630 பேர். அவர்களில் 2004ல் உயிரோடு இருந்த 578 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 58.9 சதவீதம் பேர் பதில் தந்தார்கள். அவர்களை, அதே வயது, அதே பாலினம், ஏறத்தாழ அதே வருஷத்தில் கல்லுக்காக வந்து, எந்த அறுவையோ உடைப்போ இல்லாமல் சமாளித்தவர்களோடு ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். 19 வருஷம் கழித்து ஷாக் வேவ் குழுவில் சர்க்கரை நோயின் ஆட்ஸ் ரேஷியோ 3.23. ரத்த அழுத்தத்துக்கு 1.47. அதிர்வுகளின் எண்ணிக்கையும் தீவிரமும் கூடினால் சர்க்கரை நோயும் கூடியதாகச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் இருபக்கமும் சிகிச்சை பெற்றவர்களோடு தொடர்புபட்டிருந்தது. கணையம் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுவும் அடிபட்டிருக்கலாம் என்பது விளக்கம்.

பார்த்தவுடனே நம்பத் தோன்றும். பெரிய மருத்துவமனை, நீண்ட காலம், உடற்கூறு விளக்கமும் இருக்கு. இப்போது ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

ஆட்ஸ் என்பது வாய்ப்பு இல்லை. 3.23 என்ற எண்ணை எல்லோரும் "மூன்று மடங்கு ஆபத்து" என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சாதாரணமாக 100 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் வருகிறது என்று வையுங்கள். ஆட்ஸ் என்பது 10க்கு 90, அதாவது 0.11. அதை 3.23ஆல் பெருக்கினால் 0.36. இதை மறுபடி நூற்றுக்கணக்காக மாற்றினால் 26 பேர். 32 பேர் இல்லை. நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறதோ அவ்வளவு இந்த இடைவெளி பெரிதாகும். சர்க்கரை நோய் அபூர்வமான நோயும் இல்லை.

எல்லைகளையும் படிக்கணும். அந்த 3.23க்கு 95 சதவீத நம்பக எல்லை 1.73லிருந்து 6.02 வரை. அவ்வளவு அகலம். ரத்த அழுத்தத்துக்கு 1.03லிருந்து 2.10 வரை. 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். 1.03 அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. செய்தியாக மாறும்போது நடு எண் மட்டும் பயணம் பண்ணும், எல்லைகள் வீட்டிலேயே தங்கிவிடும்.

யார் பதில் போட்டார்கள்? 41 சதவீதம் பேர் பதில் தரவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய சிகிச்சை பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து தபால் வந்தால், உட்கார்ந்து நிரப்பி அனுப்புகிறவர் யார்? ஏதாவது உபாதை இருப்பவராக இருக்க வாய்ப்பு கூடுதல். நல்லா இருக்கிறவர் குப்பையில் போட்டுவிட்டுப் போவார். நம் துறையில் ஆப் ஸ்டோர் விமர்சனங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சொல்லியா தெரியணும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஒப்பிட்ட ஆட்கள். ஒரு குழுவுக்கு ஷாக் வேவ் தேவைப்பட்டது. இன்னொரு குழுவுக்குத் தேவைப்படவில்லை. இந்தத் தேவையே ஒரு வித்தியாசம்தான். ஒரு டேட்டா சென்டரில், போன வருஷம் ரீபூட் செய்யப்பட்ட சர்வர்களையும் செய்யப்படாதவற்றையும் ஒப்பிட்டால் ரீபூட் ஆனவை இந்த வருஷமும் அதிகமாகப் படுத்திருக்கும். ரீபூட் பண்ணினதால் கெட்டுப்போச்சு என்று எந்த அட்மினும் சொல்ல மாட்டார். ஏற்கெனவே தகராறு பண்ணினதைத்தான் ரீபூட் பண்ணியிருப்பார்கள். கல் விஷயத்திலும் அப்படித்தான். பெரிய கல், திரும்பத் திரும்ப வரும் கல் உள்ளவர்களைத்தான் தொட்டிக்குள் இறக்கியிருப்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கு. கல்லும் சர்க்கரை நோயும் அடிப்படையிலேயே உறவுக்காரர்கள். உடல் பருமன், இன்சுலின் எதிர்ப்பு இவை உள்ளவர்களின் சிறுநீர் கூடுதல் அமிலத்தன்மையோடு இருக்கும், யூரிக் அமிலக் கல் எளிதாக உருவாகும். கல் வந்தவர்களுக்குப் பிற்பாடு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஹார்வர்டின் டெய்லர், கர்ஹன் குழுவினர் 2005லேயே காட்டியிருந்தார்கள். அங்கே ஷாக் வேவ் பேச்சே இல்லை. மேயோ குழு உடல் எடைக் குறியீட்டின் மாற்றத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்ததையும் சொல்லணும், அது நேர்மை. ஆனால் கல் நோயின் தீவிரத்தை எடையை வைத்து முழுசாகத் திருத்திவிட முடியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். இந்த ஆய்வைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அதே ஏமி க்ராம்பெக். மேயோ கிளினிக் இருக்கும் மினசோட்டா மாநிலத்து ஓம்ஸ்டெட் கவுண்டியில், ஊர் மக்கள் எல்லோருடைய மருத்துவப் பதிவுகளையும் இணைத்து வைத்திருக்கிறார்கள். கேள்வித்தாள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பதிவுகளில் கல் வந்த ஆயிரக்கணக்கானவர்களை எடுத்து, ஷாக் வேவ் பெற்றவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக வருகிறதா என்று 2011லும், சர்க்கரை நோய் வருகிறதா என்று 2012லும் அவரும் சகாக்களும் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பதில்: தொடர்பு தெரியவில்லை.

தன் பெயரில் வந்த பரபரப்பான முடிவை, தானே கூடுதல் தரவோடு சோதித்து, நிற்கவில்லை என்று அச்சிலேயே சொல்வது சாதாரண விஷயமில்லை. நம் ஃபார்வர்டுகளில் 2006 மட்டும் உயிரோடு இருக்கிறது, 2011ம் 2012ம் பிறக்கவே இல்லை.

அதற்காக "பொய் என்று நிரூபிச்சாச்சு" என்று மறுபக்கம் குதிக்கவும் கூடாது. ஓம்ஸ்டெட் ஆய்வுகளில் சராசரியாகப் பின்தொடர்ந்த காலம் 8.7 வருஷம். 19 வருஷத்தில் பாதிகூட இல்லை. கல் வந்தவர்களில் ஷாக் வேவ் பெற்றவர்களும் சிறுபான்மைதான். ரத்த அழுத்தம் பற்றி 2016ல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர் பதிவேடுகளை வைத்து டென்பர்க் குழு செய்த ஆய்வில், ஷாக் வேவ் பெற்றவர்களிடம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. உள்நோக்கிக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தவர்களிடம் அது தெரியவில்லை. ஆக, என் வாசிப்பில் சர்க்கரை நோய்க் குற்றச்சாட்டு பலவீனமானது. ரத்த அழுத்தம் பற்றிய கேள்வி இன்னும் மூடப்படவில்லை. சிகிச்சை பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பி.பி. பார்த்துக்கொண்டால் போதும், பார்ப்பதற்குக் காசும் பெரிசாக ஆகாது.

யாரும் ஃபார்வர்ட் செய்யாத அட்டவணை

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் கல் நோய் வழிகாட்டியில் இந்தச் சிகிச்சையின் சிக்கல்களை ஓர் அட்டவணையாகத் தந்திருக்கிறார்கள். சுருக்கம் இது:

- உடைந்த துகள்கள் சிறுநீர்க் குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்வது: 4 முதல் 7 சதவீதம்
- மிச்சத் துகள்கள் மறுபடி வளர்வது: 21 முதல் 59 சதவீதம்
- கடும் வலி: 2 முதல் 4 சதவீதம்
- கிருமி ரத்தத்தில் பரவும் செப்சிஸ்: 1 முதல் 2.7 சதவீதம்
- அறிகுறியோடு கூடிய சிறுநீரக ரத்தக்கட்டு: 1 சதவீதத்துக்கும் கீழ்
- அறிகுறி இல்லாத, ஸ்கேனில் மட்டும் தெரியும் ரத்தக்கட்டு: 4 முதல் 19 சதவீதம்
- தற்காலிக இதயத் துடிப்பு மாற்றம்: 11 முதல் 59 சதவீதம்

முதல் வரிக்கு ஜெர்மன் மொழியில் 'ஸ்டைன்ஸ்ட்ராஸ' என்று பெயர், 'கல் தெரு' என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் நிஜமாகவே ஜல்லி கொட்டின ரோடு மாதிரி தெரியும். பெரிய கல்லை உடைத்தால் இது கூடுதலாக வரும் என்பதால்தான் சில பேருக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

செப்சிஸ் சதவீதத்தைப் பார்த்தால் சின்னதாக இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். சில வகைக் கற்களுக்கு உள்ளேயே கிருமி இருக்கும். உடைத்தால் அது வெளியே வரும். வழியும் துகளால் அடைபட்டிருந்தால் சிறுநீரகத்துக்குள் சீழ் தேங்கும். உடைத்த பிறகு குளிர் காய்ச்சல் வந்தால் "சூட்டு காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்" என்று ராத்திரி முழுக்க வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. இந்த ஒரு வரி ஃபார்வர்டாகப் போனால் சந்தோஷப்படுவேன்.

இரண்டாவது வரியில் ஒரு கணக்கு வித்தை ஒளிந்திருக்கிறது. பல ஆய்வுகளில் 4 மில்லிமீட்டர் வரையிலான மிச்சத் துகளை "பொருட்படுத்தத் தேவையில்லாதது" என்று வகைப்படுத்தி, வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதே துகள்கள் கணிசமாக மறுபடி வளர்கின்றன என்று அட்டவணை சொல்கிறது. டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆனால் டெஸ்ட்டையே தளர்த்தி பாஸ் பண்ணவைப்பதை நம் ஆட்களும் செய்வார்கள். ஆகவே "வெற்றி விகிதம் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் போதாது. "கல்லே இல்லாத நிலையா, சின்னத் துகள் இருந்தாலும் வெற்றியா?" என்று கேட்கணும். இரண்டும் வேறு வேறு எண்கள்.

தடுக்க முடியும் என்பதுதான் செய்தி

இந்தச் சிக்கல்களில் பலவற்றைக் குறைக்க வழி இருக்கிறது. அதுவும் புது மெஷின் வாங்காமல்.

அதிர்வுகளின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எச்எம்3ல் ஆரம்பத்தில் இதயத் துடிப்போடு இணைத்தே அதிர்வு கொடுத்தார்கள். எனவே வேகம் நாடித்துடிப்பைத் தாண்டாது. பிறகு வந்தவர்கள் சிகிச்சை சீக்கிரம் முடியட்டும் என்று நிமிடத்துக்கு 120 ஆக்கினார்கள். 2005ல் டொரண்டோவில் பேஸ் குழுவினர் 220 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 60ஐயும் 120ஐயும் ஒப்பிட்டார்கள். மெதுவாகச் செய்த குழுவில் வெற்றி 75 சதவீதம், வேகமாகச் செய்ததில் 61. ஒரு அதிர்வில் உண்டான குமிழிகள் அடங்குவதற்குள் அடுத்தது வந்தால், அந்தக் குமிழிகளே அலையை மறித்துவிடும். நிதானமாகச் செய்தால் கல் நன்றாக உடைகிறது, திசுக் காயமும் குறைகிறது. செலவு, சில நிமிஷங்கள்.

இன்னொன்று, குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பன்றிகளின் சிறுநீரகத்தில் சோதித்தபோது, முதலில் மென்மையான சில நூறு அதிர்வுகள் கொடுத்துவிட்டுப் பிறகு முழுச் சக்திக்குப் போனால் காயம் வெகுவாகக் குறைந்தது. ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கருவிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. தொட்டி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம் என்று பின்னால் வந்த பல கருவிகள் குவியத்தைச் சின்னதாக்கி அழுத்தத்தைக் கூட்டின. மூச்சு விடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் நகரும். குறுகிய குவியத்திலிருந்து கல் விலகும்போது அடி திசுவில் விழும். அகலமான குவியமும் மிதமான அழுத்தமும் கொண்ட பழைய எச்எம்3யை இன்றும் அளவுகோலாக வைத்துப் பேசுவது சும்மா இல்லை. "லேட்டஸ்ட் மெஷின் சார்" என்பது தரச் சான்றிதழ் ஆகாது.

கேட்க வேண்டியவை

நண்பருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலை இங்கேயும் தருகிறேன்:

1. சிடி ஸ்கேனில் கல்லின் அடர்த்தி எவ்வளவு? 1000 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் என்றால் ஷாக் வேவுக்கு மசிவது கஷ்டம். தோலிலிருந்து கல் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தாலும் அப்படியே.
2. சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை என்று பரிசோதனை செய்தாச்சா? தொற்றைச் சரிசெய்யாமல் உடைக்கக் கூடாது.
3. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, ஆஸ்பிரின் சாப்பிடுவது டாக்டருக்குத் தெரியுமா? நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கிடையாது.
4. நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு? மெதுவாகக் கூட்டுவார்களா?
5. எத்தனை தடவை செய்வார்கள்? உடையாவிட்டால் அடுத்த திட்டம் என்ன?
6. மிச்சத் துகள் இருக்கிறதா என்று எப்போது, எந்த ஸ்கேனில் பார்ப்பார்கள்?
7. ராத்திரி காய்ச்சலோ விலாவில் தாங்க முடியாத வலியோ வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது?

முதல் கேள்விக்கே நண்பருக்கு நல்ல பதில் கிடைக்காமல் போகலாம். கல் ரொம்பக் கெட்டி என்றால் டாக்டரே வேறு வழி சொல்வார். அந்த முடிவு கல்லின் அடர்த்தியைப் பார்த்து எடுத்ததாக இருக்கும். 2006ன் ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து எடுக்கும் முடிவைவிட அது எவ்வளவோ மேல்.

பத்தொன்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று கேட்ட க்ராம்பெக்கின் கேள்விக்கு மரியாதை தருவதென்றால், அவர் பிறகு எழுதிய பதில்களையும் சேர்த்துப் படிக்கணும். பாதியில் நிறுத்திய வாசிப்பால் ஒருவர் ஆறு மாசம் கல்லோடு காத்திருக்கிறார். அந்தப் பழியை ஆய்வின் மேல் போட முடியாது.